நட்ட முடி

என் மச்சான் வைரக்கண்ணுவின் தலையில் முடி நட்டது அறுபத்தைந்தாம் ஆண்டு. நட்டது என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பின்னந்தலையில் பென்சில் கனத்துக்கு வட்ட வட்டமாகத் தோலை முடியோடு தோண்டி எடுத்தார்கள். முன்னந்தலையில் அதே அளவில் குழி போட்டு ஒவ்வொன்றாகப் பதித்தார்கள். சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோடு பக்கம், அமெரிக்காவில் படித்துவிட்டு வந்திருந்த ஒரு தோல் டாக்டர் செய்தார். வலிக்காமலிருக்க ஊசி போட்டார்கள். அந்த ஊசிக்கே மச்சான் முருகனைக் கூப்பிட்டது, வெளியே பெஞ்சியில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது.

நான் கூடப் போனதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. துறைமுகத்தில் ராத்திரி வேலையை விட்டுவிட்டு அக்கா வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தேன். சும்மா இருக்கிறவனைத் தேடி எல்லார் வேலையும் வரும்.

நாற்பத்து நான்கு வயதுக்காரர் எதற்காக மண்டையைத் தோண்டிக்கொண்டார் என்பதற்கு அவர் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிராங்கூன் ரோட்டில் அப்துல் முத்தலிப்பின் ஜவுளிக் கடையில் முன் மெத்தை அவருடையது. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை. வாசல் கண்ணாடிக்கு நேரே இருக்கும். பெண்கள் எதிரே ஸ்டூலில் உட்காருவார்கள், இவர் குனிந்து சேலையை விரிப்பார். கல்யாணச் சேலை என்றால் இவர் கையால்தான். காலம் போகப் போக முடியும் போனது. குனியும்போதெல்லாம் பெண்கள் சேலையை விட்டுவிட்டு, டியூப் லைட் பளபளக்கும் தலையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு பெண் அதில் பார்த்துப் பொட்டைச் சரிசெய்தாள் என்று எதிரில் சரபத் கடை வைத்திருந்த நூர்தீன் நானா கதை கட்டிவிட்டார். கதை மார்க்கெட் வரைக்கும் போய்வந்தது.

முதலாளி காதிலும் விழுந்திருக்கும். அவர் தன் தங்கை மகன் நூருல் அமீனை முன் மெத்தையில் உட்காரவைத்தார். பையனுக்குச் சுருட்டை முடி, நெற்றியில் வந்து விழும். மச்சானைப் பின்னால் வேட்டி, துண்டுப் பக்கம் அனுப்பினார். துண்டு வாங்க வருகிறவன் பேசமாட்டான். எடுத்து உதறிப் பார்ப்பான், போய்விடுவான். பேச ஆளில்லாமல் மச்சான் இளைத்துப்போனார். முடி வந்தால் மெத்தை வந்துவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவராக முடிவுசெய்துகொண்டார்.

கடையில், ஈப்போவில் சித்தப்பா செத்துப்போனார் என்று சொல்லி லீவு வாங்கியிருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டு தலைப்பாகை மாதிரி பெரிதாக இருந்தது. கேம்பல் லேனில் எங்கள் மாடிப்படிக்குக் கீழே பூக்கட்டுகிறவர் பஞ்சாபிக்காரர் யாரோ என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார். மச்சானும் பேசாமல் பஞ்சாபிக்காரர் மாதிரியே மேலே ஏறினார்.

அடுத்த சில நாட்களில் நெற்றி வீங்கி, வீக்கம் கண்ணுக்கு இறங்கியது. பின்னந்தலை முழுக்கப் புண் என்பதால் படுக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். கொதிக்கவைத்து ஆறிய உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பொருக்கு ஊறும்படி ஒற்றியெடுப்பது என் வேலை. ஒற்றும்போதெல்லாம், வேர் பிடித்திருக்கிறதா பார் மாப்ள என்பார். எனக்குத் தெரிந்தது ரத்தம் உறைந்த வரிசைதான். பிடித்திருக்கிறது என்று சொல்லிவைத்தேன்.

அக்கா பூவம்மா கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து அந்தத் தலையைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள்.

"பின்னால இருந்தத எடுத்து முன்னால வச்சதுக்கு, மெத்தையில திரும்பி உக்காந்து வித்திருக்கலாம்ல?" என்றாள்.

மச்சானால் சிரிக்க முடியவில்லை. சிரித்தால் நெற்றி இழுத்தது.

ஒரு மாதம் கழித்து நட்டதெல்லாம் கொட்டியது. முதலில் கொட்டும், பிறகு முளைக்கும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். காலையில் தலையணையில் முடியைப் பார்த்த மனுஷனுக்கு டாக்டர் சொன்னது ஞாபகம் வரவில்லை. பொறுக்கியெடுத்துக் காகிதத்தில் மடித்துவைத்தார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. கடைக்குப் போனார், துண்டு விற்றார், வந்தார். தொப்பி ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டார். நூர்தீன் நானா அவருக்கு சலாம் சொன்னார்.

தீபாவளிக்குப் பிறகு முளைத்தது. நன்றாகவே முளைத்தது. ஒவ்வொரு குழியிலும் ஒரு கொத்து, தடித்த கறுப்பு முடி. ஒரு கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் நடுவே வெறும் தோல். தூரத்திலிருந்து பார்த்தால் தலை நிறைய முடி. நடுரோட்டைத் தாண்டி அருகே வந்தால் கயிறு பிடித்து நட்ட வயல். காற்றடித்தால் ஒவ்வொரு கொத்தும் தனித்தனியாக ஆடும். மச்சான் அதற்கு எண்ணெய் வைத்து வகிடு வேறு எடுத்தார். வகிடு எங்கே எடுத்தாலும் அங்கே ஏற்கெனவே ஒரு பாதை இருந்தது.

யாரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறவரிடம் என்ன சொல்வது? ஈப்போ அருவித் தண்ணீரில் குளித்ததில் வந்தது என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். வாயை மூடத் தெரியாத நூர்தீன் நானாகூட, நல்லா வந்திருக்கு அண்ணே என்றதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அது என்னடா தம்பி, பல் வெளக்குற பிரஷ்ஷா? ஈப்போவுல அருவி மேல இருந்து விழுதா, இல்ல சல்லடை வழியா விழுதா?"

கடையில் நடந்ததை அவர்தான் சொன்னார். ஒரு சின்னப் பிள்ளை, அம்மா இடுப்பிலிருந்து கையை நீட்டி மச்சானின் கொத்து ஒன்றைப் பிடித்து இழுத்து, பொம்மை என்றது. சிரிப்பு வர, அந்த அம்மா அதை இருமலாக்கி, கடைசியில் துண்டை வாங்காமலேயே போய்விட்டாள். முதலாளி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கல்லாவில் இருந்தார். மச்சானை வேட்டிப் பக்கத்திலிருந்து நகர்த்தவில்லை. வாசலிலிருந்து பார்த்தால் தெரியாதபடி குறுக்கே ஒரு பனியன் அலமாரியை மட்டும் நகர்த்திவைத்தார். மச்சான் அதற்கும் அர்த்தம் கண்டுபிடித்தார். பொங்கல் வியாபாரத்துக்கு முதலாளி கடையைத் திருத்தியமைக்கிறாராம். தை பிறந்ததும் மெத்தை தனக்குத்தானாம்.

தை பிறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு, நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த பூவம்மா தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"தைப்பூசத்துக்கு நீங்க மொட்ட போடணும்."

மச்சான் சீப்பும் கையுமாக நின்றார்.

"உங்களுக்கு முடி கொட்டிச்சே, அன்னைக்கு வேண்டிக்கிட்டேன். முடி மொளச்சா, அத ஒனக்கே குடுத்துடுறோம் முருகான்னு."

அவர் அன்றைக்குக் கடைக்கு நேரம் கழித்துத்தான் போனார். அதுவரை வாதாடினார். இது புது முடியே இல்லை என்றார். பின்னால் இருந்ததுதான் முன்னால் வந்திருக்கிறது.

"கம்பத்துக் குடிசையில இருந்தவன ஃபிளாட்டுக்கு மாத்தினா, ஆளு புதுசாயிடுவானா? அட்ரஸ்தான் புதுசு."

"அப்ப ரொம்ப நல்லது. பழைய அட்ரஸ்ல மிச்சம் இருக்கிறதையும் சேத்துக் குடுத்துடுங்க" என்றாள் அக்கா.

பிறகு அவர் பார்வை என் தலைக்கு வந்தது. வேலை வெட்டி இல்லாதவனுக்கு முடி எதற்கு, அவனுடையதைக் கொடுத்தால் முருகன் வேண்டாம் என்றா சொல்வார் என்று கேட்டார். இவன் முடிக்கு யார் வேண்டிக்கொண்டது என்று அக்கா கேட்டாள். இங்கே கேட்டால் தெரிந்துவிடும் என்று சைனாடவுன் மாரியம்மன் கோயிலுக்குப் போய், ஒரு நண்பருக்காகக் கேட்பதுபோல் ஐயரிடம் விசாரித்தார். நண்பருக்கு மொட்டை போடுவதுதான் முறை என்று ஐயர் சொல்லிவிட்டார்.

மொட்டை போட்டால் எல்லாம் வெளியே தெரியும். முன்னால் நட்ட குழிகளும் பின்னால் தோண்டிய தழும்புகளும் வெயிலில் நிற்கும். அருவிக் கதை போய்விடும், மெத்தை போய்விடும். அதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். மெத்தை போயிடும் பூவு. மெத்தை போயிடும்.

கடைசியில் அக்கா நெத்திலித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள். "உங்க இஷ்டம். நாம குடுக்காட்டி அவரே எடுத்துக்குவாரு. ஒரு தடவ எடுத்துக் காட்டினாருல்ல."

மச்சானின் கை தானாகத் தலைக்குப் போனது. தலையணையில் கிடந்த முடி ஞாபகம் வந்திருக்க வேண்டும். அதோடு வாதம் முடிந்தது.

அவர் போன பிறகு அக்காவிடம் கேட்டேன். முடி கொட்டிய மாதம் முழுக்க அவள் கோயில் பக்கமே போகவில்லை என்பது எனக்குத் தெரியும். வீட்டிலேயே கிடக்கிறவனுக்கு இதெல்லாம் தெரிந்துவிடும்.

"வேண்டினியா, இல்லையா?"

"வேண்டாட்டி என்ன? அந்தத் தலைய தெனம் காலையில பாக்குறது நானு. நல்லா இல்லன்னு நீ போய்ச் சொல்றியா அவருகிட்ட? சொல்லேன், பாப்போம்."

நான் சொல்லவில்லை. முருகன் பேரில் போட்டதுதான் சரி என்று எனக்கும் பட்டது.

தைப்பூசத்தன்று விடியற்காலையில், காவடிகள் புறப்படுகிற பெருமாள் கோயில் பக்கம் கூட்டம். காவடிக்காரர்களுக்கு அலகு குத்திக்கொண்டிருந்தார்கள். மொட்டை போடும் இடத்தில் மச்சான் பலகையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நாவிதர் முன்பக்கத்தில் தண்ணீரைத் தெளித்து இரண்டு இழுப்பு இழுத்தவர் கத்தியை எடுத்துவிட்டார். மேடும் பள்ளமுமாக இருக்கிறதே அண்ணே, விழுந்துட்டீங்களா என்று கேட்டார். மச்சான் கண்ணைத் திறக்கவில்லை. ஆமாம், ஈப்போவில் விழுந்தேன் என்றார். வரிசையா விழுந்திருக்கீங்க என்று சொல்லிவிட்டு நாவிதர் வேலையைத் தொடர்ந்தார்.

நான் பயந்தது அடுத்ததற்கு. முன்னால் கொப்புளம் கொப்புளமாக வரிசைகள், பின்னால் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். அதற்குள் நாவிதர் கிண்ணத்தை எடுத்துச் சந்தனத்தைக் குழைத்து உச்சியிலிருந்து கழுத்துவரை கெட்டியாக அப்பிவிட்டார். மொட்டை போட்ட எல்லாருக்கும் அப்புவதுதான். எங்கள் மூவருக்கும் அது ஞாபகமே இல்லை. மச்சான் கண்ணைத் திறந்து கண்ணாடி கேட்டார். தலை மஞ்சள் பந்து மாதிரி வழவழவென்று இருந்தது. குழியும் இல்லை, தழும்பும் இல்லை. அரோகரா என்றார். அன்றைக்குக் கூட்டத்திலேயே உரக்கச் சொன்னது அவராகத்தான் இருக்கும்.

மறுநாள் அப்படியே கடைக்குப் போனார். முதலாளி அப்துல் முத்தலிப் ஒரு நிமிஷம் பார்த்தார்.

"வேண்டுதலா?"

"ஆமா முதலாளி."

"நல்லது. முன்னால உக்காரு."

நூருல் அமீன் வேட்டிப் பக்கம் போனான். முதலாளி ஒன்றும் இரக்கப்பட்டுச் செய்யவில்லை. தை மாசி முகூர்த்த நேரம். சேலை எடுக்க வருகிறவர்கள் பெண்ணின் அம்மாக்கள். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு ஒரு மனுஷன் மெத்தையில் உட்கார்ந்து, கும்பிட்டு, முதல் சேலையைப் பிரித்தால் அவர்களுக்குக் கோயிலில் வாங்குகிற மாதிரி இருந்தது. விலை பேசக் கூச்சப்பட்டார்கள். முதலாளி நோன்பு பிடிக்கிற மனுஷர், வியாபாரமும் தெரிந்தவர்.

மத்தியானத்துக்குள் சந்தனம் காய்ந்து வெடிக்கும். நான் சாப்பாட்டுக் கேரியரோடு சந்தனக் கிண்ணத்தையும் கொண்டுபோய்ப் பின்கட்டில் வைத்துப் பூசிவிடுவேன். ஒருநாள் தாமதமாகிவிட்டது. மச்சான் அரக்குப் பட்டை விரித்துக்கொண்டிருந்தபோது தலையிலிருந்து ஒரு பொருக்கு உதிர்ந்து முந்தானையில் விழுந்தது. மச்சான் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார். அந்த அம்மா பொருக்கை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இதையே கட்டுங்க என்றாள். அன்று முதல் நூர்தீன் நானா, தட்டிவிட்டு வியாபாரம் பாருங்க அண்ணே என்று யோசனை சொல்ல ஆரம்பித்தார். போதும்லா, ஒங்க சரபத்த பாருங்க என்றேன்.

ஆனால் முடி என்பது முடிதான். நட்டது வேர் பிடித்திருந்தது, டாக்டர் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார். மாசி பிறந்து கொஞ்ச நாளில் சந்தனத்தை மீறிக் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக எட்டிப்பார்த்தன. சந்தனம் ஒட்டவில்லை. முதலாளி கல்லாவிலிருந்து எழுந்துவந்து தலையை உற்றுப் பார்த்தாராம்.

"இது மறுபடியும் அப்படியேதான் வருமாய்யா?"

மச்சான் ஆமாம் என்றாராம். முதலாளி பனியன் அலமாரியை மட்டும் ஒரு பார்வை பார்த்தாராம். அந்தப் பார்வையில்தான் மச்சானுக்கு எல்லாம் விளங்கியது. அந்தக் குழந்தை, அந்த இருமல், அலமாரி எல்லாம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். சீப்பை எடுக்கவில்லை. பிறகு பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்காவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். கொசுத் தொல்லை அதிகமாகிவிட்டது என்றார். பாகற்காய் நல்ல காய் என்றார்.

"பூவு, அந்த வேண்டுதல்… ஒரு தடவைதானா?"

கத்தி நிற்கவில்லை. "ஏன் கேக்குறீங்க?"

"இல்ல, சாமி காரியம். நம்மளால ஒரு கொற வந்துடக் கூடாது பாரு."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். அவள் அவசரப்படவில்லை. மீதிப் பாகற்காய் முழுவதையும் நறுக்கி, விதையைத் தனியாக ஒதுக்கி, கையைத் துடைத்தாள். அவ்வளவு நேரமும் அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பத்தான் ஞாபகம் வருது" என்றாள். "மூணு வருசத்துக்குன்னு வேண்டினேன். மாசா மாசம்."

மச்சான் எழுந்தார். முகத்தில் கோபத்தைக் கொண்டுவரக் கொஞ்சம் கஷ்டப்பட்டார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? சாமி விசயத்துல இப்படியா அலட்சியமா இருக்கிறது?"

சட்டையை மாட்டிக்கொண்டு, முடிவெட்டும் கடை மூடுவதற்குள் போகவேண்டும் என்று படியில் வேகமாக இறங்கினார். பாதியில் காலடிச் சத்தம் நின்றது. திரும்ப ஏறிவந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"மூணுதானா, அஞ்சா? அவசரமில்ல. நல்லா யோசிச்சு வை."