பத்து மாதமும் எட்டு நாளும்

செல்லக்கனியின் சிலேட்டுக் குச்சி சமாச்சாரத்தை முதலில் கண்டுபிடித்தது அவள் புருஷன் பொன்னுராஜ் அல்ல, கடைக்காரர் அய்யூப்தான்.

ராஜபாளையத்தில் மில் தொழிலாளர்கள் குடியிருந்த தெருவின் முனையில் அவர் பலசரக்குக் கடை வைத்திருந்தார். எண்பத்தெட்டாம் வருடம், கார்த்திகை மாதம். மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங் பிரிவில் வேலை பார்த்த செல்லக்கனி, ஷிப்ட் முடிந்து வருகிற வழியில் ஒரு பெட்டி சிலேட்டுக் குச்சி வாங்கிப் போவாள். இரண்டு நாள் கழித்து இன்னொரு பெட்டி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்காக இருக்கும் என்று அய்யூப் கொஞ்ச நாள் நினைத்திருந்தார். ஆனால் அவள் முந்தானைக்குள் கையை விட்டுக்கொண்டு, எதையோ மென்றபடி நடந்து போவதை ஒருநாள் பார்த்துவிட்டார். அந்த வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை கிடையாது. பிள்ளையே கிடையாது.

மறுநாள் அவள் வந்து கேட்டபோது, "குச்சி இல்லம்மா, தீந்து போச்சு" என்றார்.

"அந்தா தெரியுதே பெட்டி."

"அது வேற ஆளுக்கு எடுத்து வச்சது."

"பாய், ஒரு பெட்டிதான கேக்கேன்? காசா குடுக்காம கேக்கேன்?"

அவர் வேறு பக்கம் திரும்பி பருப்பு நிறுக்கத் தொடங்கினார். செல்லக்கனிக்குக் கோபத்தில் கண் கலங்கிவிட்டது. அந்தக் குச்சியின் காய்ந்த மண் வாசனையை நினைத்தாலே அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறும். மழைத்தூறல் விழுந்த சுவரைக் கண்டால் நக்கலாமா என்றிருக்கும். தனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே அவள் முடிவு கட்டியிருந்தாள். இதைப் போய் யாரிடம் சொல்வது?

மறுநாள் காலையில் அய்யூப்பின் மனைவி ஆயிஷா பீவி ஒரு தூக்குச் சட்டியோடு வந்தாள். உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"ஏட்டி, எத்தனாவது மாசம்?"

செல்லக்கனி தரையைப் பார்த்தாள். பொன்னுராஜுக்குத் தவிர அது யாருக்கும் தெரியாது. எண்பத்து நாலில் அவளுக்கு ஏழாம் மாதத்திலேயே ஒரு பெண் பிறந்து, ஒரு மணி நேரம் மூச்சு விட்டது. எண்பத்தாறில் எட்டாம் மாதம் தொடங்கியதும் ஒரு பையன். குருவிக் குஞ்சு மாதிரி கிடந்து நான்காம் நாள் போய்ச் சேர்ந்தான். வெளியே சொன்னால் இதுவும் தங்காது என்று அவளுக்குள் ஒரு பயம் உட்கார்ந்திருந்தது.

"அஞ்சு முடியப் போகுதுக்கா" என்றாள். சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

ஆயிஷா பீவி அவளை அழ விட்டாள். பிறகு, "நான் ஊருக்குள்ள வாயத் தொறக்க மாட்டேன். ஒரே ஒருத்திகிட்ட மட்டும் சொல்லுதேன். அவளுக்குத் தெரிஞ்சாகணும்" என்றாள்.

அந்த ஒருத்தி, சுகாதார நிலையத்து நர்ஸ் ஞானபாக்கியம். செல்லக்கனியை விட ஐந்தாறு வயது சின்னவள், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வந்தவள் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, செல்லக்கனியின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை.

"அக்கா, குச்சி எம்புட்டு நாளா தின்னுதீக?"

"மூணு மாசமா. கிறுக்குப் பிடிச்சிருச்சு எனக்கு."

"கிறுக்குமில்ல, ஒண்ணுமில்ல. ஒடம்புல இரும்புச் சத்து வத்திப் போச்சுன்னா இப்படித்தான். சில பேருக்கு மண்ணு, சில பேருக்கு அடுப்புச் சாம்பல், பச்சரிசி. என்ன வேணும்னு சொல்லத் தெரியாம ஒடம்பு எதையாவது கேக்குது."

செல்லக்கனி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த கல் ஒன்று புரண்டு விழுந்த மாதிரி இருந்தது.

"போன தடவ சத்து மாத்திரை குடுத்திருப்பாகளே?"

கொடுத்தார்கள். இரண்டு நாள் தின்றாள். வெளிக்கிப் போனது தார் மாதிரி கறுப்பாகப் போகவும், வயிற்றுக்குள் என்னவோ கருகுகிறது என்று பயந்து, மீதியை வாய்க்காலில் கொட்டிவிட்டாள். மில்லில் கூட வேலை பார்த்தவர்களும், அதைத் தின்றால் பிள்ளை பெருத்து ஆபரேஷன் ஆகிவிடும் என்றார்கள். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு அவள் கேட்டாள்:

"நர்ஸம்மா, அத நான் ஒழுங்காத் தின்னுருந்தா அந்தப் பையன் தங்கியிருப்பானா?"

ஆயிஷா பீவி சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டாள். ஞானபாக்கியம் செல்லக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியாதுக்கா. பிள்ள முன்னக்கூட்டிப் பொறக்கதுக்கு எத்தனையோ காரணம் இருக்கு. ரத்தம் கொறஞ்ச ஒடம்புல அது கொஞ்சம் அதிகமா நடக்கு, அம்புட்டுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காக. உங்களாலதான்னு நான் சொன்னா அது பொய். இப்ப மாத்திரை தின்னா கட்டாயம் தங்கும்னு சொன்னாலும் பொய்தான். ஆனா செய்யக்கூடியது இருக்கு. அதச் செய்வோம்."

பின்னாளில் எத்தனையோ பேர் செய்த உதவிகளைச் செல்லக்கனி சொல்லிச் சொல்லி மாய்ந்து போவாள். ஆனால் அந்தச் சின்னப்பெண் அன்று தன்மேல் பழி போடாமல் விட்டாளே, அதைச் சொல்ல வரும்போது மட்டும் அவளுக்குப் பேச்சு நின்றுவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்தார்கள். ஹீமோகுளோபின் ஆறரைதான் இருந்தது. குறைந்தது பதினொன்று இருக்க வேண்டும் என்ற டாக்டரம்மா, மாத்திரைக்குக் காத்திருக்க நேரமில்லை என்று இடுப்பில் இரும்பு ஊசி எழுதிக் கொடுத்தார். ஒருநாள் விட்டு ஒருநாள், பத்து ஊசி. போட்ட இடம் கன்றிக் கறுத்தது, படுத்தால் புரள முடியாது. ஒவ்வொரு தடவையும் ஆயிஷா பீவி கூட வந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் செல்லக்கனியை ஜன்னலோரம் உட்கார வைத்து, குலுக்கல் வலிக்காமல் இருக்கத் தன் துப்பட்டியை மடித்து அடியில் போடுவாள்.

ஊசி முடிந்து மாத்திரை ஆரம்பித்தது. ஒருநாள் வீட்டுக்கு வந்த ஞானபாக்கியம், மாத்திரையை எப்போது போடுகிறாள் என்று விசாரித்தாள்.

"மில்லு கேண்டீன்ல, டீயோட. மறக்காமப் போட்டுருதேன்."

"ஐயோ அக்கா! டீ அந்தச் சத்த ஒடம்புல ஒட்ட விடாது. ராத்திரி சோறு தின்னு செத்த நேரம் கழிச்சுப் போடுங்க, புளிப்பா ஏதாவது சேத்துக்கிடுங்க. சுண்ணாம்புச் சத்து மாத்திரை காலைல. ரெண்டையும் ஒண்ணாப் போடப்பிடாது."

பொன்னுராஜ் பஞ்சுப் பொதி தூக்குகிற ஆள். அதிகம் பேசமாட்டான். புளிப்பு என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டான். அந்த ஞாயிற்றுக்கிழமையே செண்பகத்தோப்புக்குச் சைக்கிளை மிதித்து, மலையிலிருந்து இறக்குகிறவர்களிடம் ஒரு பை நிறைய நெல்லிக்காய் வாங்கி வந்தான். சீசன் முடிகிற வரை ஒரு ஞாயிறும் தவறவில்லை. ஆயிஷா பீவி வீட்டிலிருந்து ஈரல் வறுவலும் எள்ளுருண்டையும் வந்தன. தெருவில் யார் வீட்டு முருங்கையிலும் கீரை ஒடிக்க அவளுக்குத் தடையில்லை என்றானது. தை பிறந்தபோது, சிலேட்டுக் குச்சி ஞாபகமே வருவதில்லை என்பதை அவள் ஒருநாள் தற்செயலாகக் கவனித்தாள்.

ஏழாம் மாதம் கடந்தது. டாக்டரம்மா சொன்னபடி மில்லுக்கு லீவு போட்டாள். எட்டாம் மாதத்தில் ஒரு நடுப்பகல், ஆயிஷா பீவி வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளுக்கு அடிவயிறு இறுகியது. விட்டது. மறுபடி இறுகியது. கையிலிருந்த முறம் சரிந்து கீரை தரையெல்லாம் சிதறியது.

"அக்கா, வந்துருச்சு" என்றாள். குரலில் அழுகைகூட இல்லை.

அய்யூப் கடையைத் திறந்து போட்டது போட்டபடி நர்ஸைக் கூட்டிவர ஓடினார். ஞானபாக்கியம் மூச்சிரைக்க வந்து, செல்லக்கனியை இடதுபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு செம்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். ஆயிஷா பீவியின் உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. ஒரு மணி நேரத்தில் இறுக்கம் தள்ளித் தள்ளி வந்தது. பிறகு நின்றேவிட்டது.

"சூட்டு வலிதான், பேறுகால வலி இல்ல" என்று ஞானபாக்கியம் கையை எடுத்தாள். "எனக்கே உயிர் போயிருச்சுக்கா" என்று சொல்லிச் சிரித்தாள்.

பங்குனி போயிற்று. ஒன்பது முடிந்து பத்தும் நிறைந்தது. டாக்டரம்மா குறித்துக் கொடுத்த தேதி வந்தது, போனது. பிள்ளை வருகிற பாட்டைக் காணோம். தண்ணிக் குழாயடியில் பெண்கள், "இன்னுமா பெறல?" என்று கேட்டார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. கால் வீங்கி, நிறைகுடம் மாதிரி அசைந்து நடந்த செல்லக்கனிக்கு ஒரு சடைவும் இல்லை.

"இருக்கட்டும், இருக்கட்டும். அவசரமா என்ன? நல்லா இருந்துட்டு வரட்டும்" என்பாள். தேதி தாண்டிவிட்டதால் இரண்டு நாளைக்கு ஒருதரம் ஆஸ்பத்திரிக்குப் போய்த் துடிப்பைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த டக்டக் சத்தத்தைக் கேட்டு வந்த அன்றெல்லாம் அவளுக்குச் சோறு இன்னும் ஒரு கை கூடுதலாக இறங்கியது.

எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு, அதே ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது. மூன்று கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. அது போட்ட சத்தத்தில், வெளியே வேப்பமரத்தடியில் நின்ற பொன்னுராஜ் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அய்யூப் பக்கத்தில் குத்தவைத்து அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

ஞானபாக்கியம் அப்போது ஊரில் இல்லை. ஒரு மாதப் பயிற்சிக்கு மதுரைக்குப் போயிருந்தாள். திரும்பியவள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல், தோள்பையோடு நேராகச் செல்லக்கனி வீட்டுக்கு வந்தாள். செல்லக்கனி பிள்ளையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள்.

பிள்ளை கொட்டாவி விட்டது. ஞானபாக்கியம் அதன் தொடைச்சதையை லேசாக அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பக்கத்திலிருந்த ஆயிஷா பீவியிடம் கொடுத்துவிட்டு, பயிற்சிக்கு எடுத்துப் போயிருந்த பிறப்பு ரிஜிஸ்டரைப் பையிலிருந்து எடுத்தாள். பெயர், தேதி, எடை எல்லாம் கேட்டு எழுதினாள். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தாள்.

"இதுல கொறமாசமா நெறமாசமான்னு எழுதணும்க்கா."

"எழுதுங்க."

எழுதினாள்.

"என்ன எழுதியிருக்கீக? வாசிங்க நர்ஸம்மா."

"நிறைமாதம்."

"இன்னொரு மட்டம் வாசிங்க" என்றாள் செல்லக்கனி.