ஐயருக்கு லீவு

ஈஸ்டர் ஆராதனை அன்றைக்குப் பிரசங்கத்தின் நடுவிலேயே, சபையார் 'ஐயர்' என்று கூப்பிடும் போதகர் ஞானசிகாமணிக்குக் குரல் போய்விட்டது. தொண்டை கரகரத்தது, அப்புறம் வெறும் காத்துதான் வந்தது. விருதுநகர் டாக்டர் குழாயை விட்டுப் பார்த்தார்.

"மம்பட்டி பிடிக்கிற கையில காய்ப்பு காய்க்கும்ல, அது மாதிரி உங்க தொண்டையில காய்ச்சிருக்கு. ஒரு மாசம் வாயத் திறக்கக் கூடாது. முணுமுணுக்கவும் கூடாது. மீறினா ஆபரேஷன்தான். அப்புறம் பழைய குரல் வருமான்னு என்னைக் கேக்காதீங்க."

இது புருஷன் பொறுப்பில் விடுகிற காரியம் இல்லை என்று சுகிர்தாவுக்கு அங்கேயே பட்டுவிட்டது. 'மாட்டேன்' என்ற சொல் அவர் வாயில் வராது. கல்யாண வீடு, காது குத்து, புது மாடு வாங்கின வீடு, எவர் கூப்பிட்டாலும் பாதிச் சோற்றில் எழுந்து போய்விடுவார். அதனால் டவுன் வீட்டைப் பூட்டினாள். புருஷனையும் மகள் பெனிட்டாவையும் கூட்டிக்கொண்டு, தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்து வீட்டுக்கு, ஆனைக்குட்டம் அணைப் பக்கம் வந்து இறங்கினாள்.

வந்த புதிதில் சொர்க்கம்தான். காலையில் பம்புசெட்டுத் தொட்டியில் குளியல். வெயில் ஏறினால் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில். அப்பாவும் மகளும் நுங்கு தின்றுவிட்டு, மிஞ்சின பனங்காய்க் கூந்தலை வண்டியாக்கி உருட்டி விளையாடினார்கள். மனுஷனுக்குக் கன்னம் கூட லேசாக உப்பியது.

பக்கத்துக் காட்டு வீட்டுக்காரி வேலுத்தாய் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள். ஒரு சாயங்காலம் வந்து சொன்னாள்.

"ஐயரம்மா, ஐயரு வந்திருக்காகன்னு கம்பெனி வேன்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."

"அடிப்பாவி, ஏன்டி சொன்ன?"

மறுநாள் கம்பெனி வேன் ஊருக்குள் போகாமல் தோட்டத்து வாசலில் நின்றது. கையெல்லாம் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி மின்னப் பொம்பளைகள் இறங்கினார்கள்.

"நாங்க மாரியாத்தா கும்பிடுறவுகதான். ஆனா மருந்துல வேல பாக்கிறவளுக்கு எல்லாச் சாமியும் வேணும்லா. தலையில கை வச்சு ஒரு ஜெபம் சொல்லுங்க ஐயரே."

ஞானசிகாமணி எழுந்துவிட்டார். கை உயர்ந்தது, கண் மூடியது, வாய் திறந்தது. சுகிர்தா ஓடிப்போய்க் கையிலிருந்த நுங்கை அந்த வாயில் திணித்தாள். பொம்பளைகள் சிரித்த சிரிப்பில் மரத்துக் காக்காய் பறந்தது. அவள் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு அடங்கியது. சுகிர்தாவுக்கு ஒரு யோசனை வந்தது.

"வேலுத்தாயி, உங்க கம்பெனி கேட்டுல என்ன செய்வாக?"

"செல்போனு, தீப்பெட்டி எல்லாத்தையும் வாங்கி வச்சிட்டுத்தான் உள்ள விடுவாக. ஒரு பொறி போதுமே."

மறுநாள் காலை தோட்டத்து வாசலில் ஓர் ஓலைப்பெட்டி உட்கார்ந்தது. முதலில் விழுந்தது ஐயரின் செல்போன். அதன் பிறகு யார் வந்தாலும் பெட்டியைத் தாண்ட முடியவில்லை. வேலை இல்லாத நேரமெல்லாம் வேலுத்தாய்தான் காவல். "ஜெபம் கேக்கிற வாய இங்கன வச்சிட்டுப் போங்க. மோரு வேணும்னா குடிங்க."

லீவு முடியக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் வெள்ளைத்துரையின் கார் வந்தது. சிவகாசியில் காலண்டர் அச்சாபீஸ் வைத்திருப்பவர், சபைக்குச் செயலாளர். அவர் கூப்பிட்டு ஐயர் போகாத நாள் இல்லை.

"புது மெஷின் இறங்கியிருக்கும்மா. சீசன் ஆர்டர் குவிஞ்சு கிடக்கு. ஐயரு ஜெபிக்காம சுவிட்சு போட மாட்டேன். ரெண்டே வார்த்தை."

"பொறியில ரெண்டு எதுக்கு அண்ணாச்சி, ஒண்ணு போதாதா?"

"சபையில என்ன பேசுவாக தெரியும்லா? சம்பளம் சபை குடுக்குது."

"சம்பளம் சபை குடுக்குது. தொண்டைய ஆண்டவருல்லா குடுத்தாரு. அவருக்கு நான் பதில் சொல்லணும்."

வேலுத்தாய் பெட்டியை நீட்டினாள். "செல்போன வையுங்க மொதலாளி."

அதற்குள் கட்டில் கிரீச்சிட்டது. ஞானசிகாமணி எழுந்து உட்கார்ந்திருந்தார். சுகிர்தா அவசரமாக நுங்கைத் தேடினாள். போச்சு, இத்தனை நாள் காத்ததெல்லாம் போச்சு.

ஐயர் செயலாளரைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெதுவாகத் தலையை ஆட்டினார். மாட்டேன். கல்யாணமான நாளிலிருந்து சுகிர்தா அதைப் பார்த்ததே இல்லை. தலையாட்டி முடித்தவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

வெள்ளைத்துரை சுகிர்தா பக்கம் திரும்பினார்.

"அப்ப எம் மெஷினு?"

"நீங்களே ஜெபம் பண்ணுங்க அண்ணாச்சி. ஆண்டவருக்கு உங்க குரலும் தெரியும்."

அவர் கடகடவென்று சிரித்துவிட்டுச் செல்போனைப் பெட்டியில் போட்டார். அணை மீன் குழம்பில் ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது, "நீங்க செயலாளரா நின்னா நான் தோத்துப்போவேன் தாயி" என்றார்.

ஒரு மாசம் கழிந்து டாக்டர் திரும்பவும் குழாயை விட்டார். உற்றுப் பார்த்தார். "காய்ப்பு இருந்த தடமே இல்லையே! பேசுங்க ஐயா."

சுகிர்தா புருஷன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஸ்தோத்திரம் என்றுதான் ஆரம்பிப்பார் என்று நினைத்தாள். ஞானசிகாமணி தொண்டையைச் செருமினார். கோயில் மணி மாதிரி கணீரென்று வந்தது குரல்.

"சுகிர்தா, ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் நாளு கிடக்கே. ஆனைக்குட்டம் பஸ்ஸு போயிருக்குமோ?"

அவள் போட்ட சிரிப்பில் வெளியே நின்ற நர்ஸ் எட்டிப் பார்த்தாள். பெனிட்டாவையும் இழுத்துக்கொண்டு மூணு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்கள். முன்னால் ஓடினது ஐயர்தான்.