சீதாதேவி இறங்கிய புதன்கிழமை

ஒன்பது கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லியாயிற்று. மேடையில் நின்ற நிரோஜினிக்குக் கால் தரையில் பாவவில்லை. இன்னும் ஒன்றே ஒன்று!

டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் விமானப் பைத்தியங்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. அதன் ஆண்டுப் போட்டி அது. ஞாயிறு மத்தியானம் நூலக மண்டபத்தில் அறுபது பேர் கோப்பியும் கையுமாக இருந்தார்கள். ஒரு சிறு தீவு நாட்டைத் தேர்ந்து அதன் தேசிய விமான சேவையின் சரித்திரத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வர வேண்டும். இறுதிச் சுற்றில் நின்ற இருவருமே தமிழர். கிரி கோயம்புத்தூர்க்காரன், காற்றாலைக் கம்பெனியில் இன்ஜினியர். அவன் ஐஸ்லாந்தை எடுத்து ஒன்பது புள்ளி பெற்றிருந்தான். நிரோஜினி பில்லுண்ட் விமான நிலையத்தில் விமானங்களுக்குள் கூட்டித் துடைப்பவள். அவள் எடுத்தது இலங்கையின் ஏர் சிலோன்.

பரிசைக் கேட்டால் யாருக்கும் வாயூறும். அடுத்த ஞாயிறு, எண்பது வயது டகோட்டா விமானம் ஒன்றில் இரண்டு பேர் பறக்கலாம். ஏர் சிலோன் தொடங்கியதே மூன்று டகோட்டாக்களோடுதான். அந்த எஞ்சின் உறுமுவதை உள்ளே இருந்து கேட்க வேண்டும் என்பது நிரோஜினியின் ஆறு வருட ஆசை. ஆசையென்ன, பைத்தியம், விசர் என்றே சொல்லலாம். ஒரேயொரு ட்ரைடென்ட் ஜெட் வாங்கிய கதை, எழுபதுகளின் முடிவில் ஏர் சிலோன் மூடப்பட்டு ஏர் லங்கா பிறந்த கதை எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

முன்வரிசையில் பட்டுச்சேலையோடு மாமியார் இருந்தார். கறுப்புக் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்திருந்தார். கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அந்தப் பை கூடவே போகும். போரில் ஐந்து முறை இடம்பெயர்ந்தவர் பத்திரங்களை வீட்டில் விட்டுவிட்டு வெளிக்கிடுவாரா?

"கூட்டுற பிளேனுக்குச் சரித்திரமும் படிக்கோணுமோ?" என்று வீட்டில் நக்கலடிப்பவர்தான். ஆனால் அவர் பெயர் சீதாதேவி. ஏர் சிலோனின் முதல் விமானத்துக்கும் அதே பெயர். "மாமி, உங்கடை பேரிலை பிளேன் ஓடியிருக்கு" என்று நிரோஜினி எப்போது சொன்னாலும் மாமி முகம் கறுத்து அடுப்படிக்குள் போய்விடுவார். ஏனென்று அவளுக்கு விளங்கியதே இல்லை.

கேள்வி கேட்டவர் பிரீபன். முப்பது வருடம் கொம்யூனில், அதாவது நகரசபையில், அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், சங்கத்தின் தலைவர். கடைசி அட்டையை எடுத்தார்.

"ஏர் சிலோனின் முதல் பயணிகள் பறப்பு எந்த நாள்?"

அல்வா சாப்பிடுவது போல! "1947 டிசம்பர் பத்து. ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறைப் பலாலிக்கு வந்து, பிறகு மதராஸ்."

பிரீபன் அட்டையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து இன்னொரு முறை பார்த்தார்.

"மன்னிக்க வேண்டும். இதில் 1948 ஜனவரி என்று இருக்கிறது."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. ஒன்பதுக்கு ஒன்பது. சமநிலை என்றால் அடுத்தது எஞ்சின் பற்றிய கேள்வி. கிரிக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

"உங்கள் அட்டைதான் பிழை!" என்றாள் நிரோஜினி.

"இருக்கலாம். விதி உங்களுக்குத் தெரியும். இணையம் சாட்சி இல்லை. அந்தக் காலத்திலேயே எழுதிய காகிதம் இருந்தால், இப்போதே, இந்த மண்டபத்திலேயே காட்டுங்கள்."

1947இல் எழுதிய காகிதத்துக்கு அவள் எங்கே போவாள்? கண் முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் முன்வரிசைக் கதிரை கிறீச்சிட்டது.

"என்னவாம் பிள்ளை?" என்றார் மாமி.

"முதல் பிளேன் வந்த நாள் பிழையாம், மாமி. நாற்பத்தேழு இல்லையாம்."

"ஆர் சொன்னது? நான் பிறந்த அண்டைக்கல்லோ அது வந்து இறங்கினது!"

நிரோஜினி வாயைப் பிளந்தாள். மாமிக்கு எங்கும் மொழிபெயர்க்கிற பழக்கதோஷத்தில் அதை அப்படியே டேனிஷில் சொல்லியும் விட்டாள். பிரீபன் மகிழ்ந்துபோய், அம்மாவின் மஞ்சள் சுகாதாரக் கார்டைப் பார்க்கலாமா என்று கேட்டார். மருத்துவரிடம் நீட்டுகிற அந்தக் கார்டில் எல்லோருக்கும் பிறந்த தேதியே முதல் இலக்கங்கள். மாமியின் கார்டில் இருந்தது 010150. ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பது, ஜனவரி முதலாம் தேதி.

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. மாமியின் முகத்தில் ஈயாடவில்லை.

நிரோஜினிக்கு அந்த நொடியில்தான் எல்லாம் விளங்கியது. ஜனவரி முதலாம் தேதி பிறந்த அகதிகள் இந்த நாட்டில் எத்தனை பேர்! பிறப்புச் சான்றிதழ் எரிந்து போனவருக்கு, வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரன் வாய்க்கு வந்த தேதியை எழுதிக் கொடுத்திருக்கிறான். மாமி அந்த இரகசியத்தை முப்பது வருடமாக மூச்சு விடாமல் கட்டிக் காத்திருக்கிறார். அந்த விமானத்தின் பேச்சை எடுத்தாலே முகம் கறுத்ததும் அதனால்தான்.

அவள் மேடையிலிருந்து குனிந்தாள். "விடுங்கோ மாமி. இவர் கொம்யூனிலை இருந்தவர். எனக்குப் பரிசு வேண்டாம்."

மாமி ஒருமுறை பிரீபனைப் பார்த்தார். ஒருமுறை மருமகளின் கலங்கிய கண்ணைப் பார்த்தார். பிறகு கைப்பையின் ஜிப்பை இழுத்தார்.

"கார்டிலை இருக்கிறது பொய். இதுதான் மெய்யெண்டு சொல்லு பிள்ளை."

பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து வெளியே வந்தது, மாமியின் தகப்பன் எழுதிய ஒரு ஜாதகக் கொப்பி. மஞ்சள் தடவிய ஓரம், பழுப்பேறிய தாள். பிரீபன் அதைப் பூனைக்குட்டி போல ஏந்தினார். ஆனால் எழுத்துத் தமிழாயிற்றே! தன் சாட்சியைத் தானே மொழிபெயர்க்கக் கூடாது. மண்டபத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் இன்னும் ஒருவன்தான் இருந்தான்.

கிரி கொப்பியை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னால் யாருக்குத் தெரியும்?

"ஆன்ட்டி, இதைப் படிச்சா நான் தோத்துடுவேனே!" என்றான்.

"தெரியும் தம்பி. வடிவாய், ஒரு சொல்லும் விடாமல் படியும்."

கிரி சிரித்துவிட்டான். பிறகு ஒவ்வொரு வரியையும் முதலில் தமிழிலும் அடுத்து ஆங்கிலத்திலும் உரக்கப் படித்தான்.

"சர்வசித்து வருடம், கார்த்திகை மாதம், புதன்கிழமை. ஆங்கிலத் தேதி 10.12.1947. பலாலி வெளியில் நான் புல் வெட்டிய ஓடுபாதையில் இன்று ஏர் சிலோனின் முதல் ஆகாயக்கப்பல் இறங்கியது. பெயர் சீதாதேவி. வீட்டுக்கு வந்தேன். பெண் பிள்ளை பிறந்திருந்தது. இதற்கும் அதுவே பெயர்."

பிரீபன் அட்டையை எடுத்து நடுவால் கிழித்தார். கிரிதான் முதலில் கை தட்டினான். பிறகு அறுபது பேரும் எழுந்து தட்டிய தட்டில் மண்டபம் அதிர்ந்தது. நிரோஜினி மேடையிலிருந்து குதித்து ஓடி மாமியைக் கட்டிக்கொண்டாள்.

"விடடி, சேலை கசங்குது" என்றார் மாமி. அவர் கண் மட்டும் பிரீபனை விட்டு அகலவில்லை. "பொலிசுக்குச் சொல்லப் போறாரோ?"

நிரோஜினி அதை மொழிபெயர்த்ததும் பிரீபன் விழுந்து விழுந்து சிரித்தார். "நான் இப்போது விமானங்களுக்கு மட்டும்தான் அதிகாரி" என்றார்.

அடுத்த ஞாயிறு டகோட்டா வெள்ளியாய் மினுங்கிக்கொண்டு நின்றது. இரண்டு எஞ்சினும் இருமிப் புகைந்து உறுமத் தொடங்கியபோது நிரோஜினிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஏணியடியில் ஒரு பெண் பயணிகள் பட்டியலை நீட்டினாள். பெயர், பிறந்த தேதி. நிரோஜினி தன்னுடையதை எழுதினாள். அடுத்த வரியில் சீதாதேவி என்று எழுதிவிட்டு, இருபது வருடம் ஆஸ்பத்திரிகளில் எழுதிய பழக்கத்தில் 01 என்று தொடங்கினாள்.

மாமி பேனாவைப் பறித்தார். அந்த 01ஐ வெட்டினார். பெரிய பெரிய இலக்கங்களில், 10.12.1947 என்று எழுதினார். டென்மார்க்கில் அவர் அந்தத் தேதியை எழுதியது அதுதான் முதல் தடவை.

"என்ன மாமி, இப்ப பயமில்லையோ?"

மாமி விமானத்தின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அது அதிர்ந்துகொண்டிருந்தது.

"இவள் எனக்கு மூத்தவளடி. மூத்தவளுக்கு முன்னாலை வயசைக் குறைச்சு எழுதுறதோ?" என்றவர், மருமகளை இடித்துத் தள்ளிவிட்டு முதலில் ஏணியில் ஏறினார்.