கெஸ்ட் பார்க்கக்கூடியவை

சிங்கராசாவைச் சேர்த்து ஒரு நாள் கழிந்த பிறகுதான் பிறின்சிக்கு விஷயம் உறைத்தது. செய்துவிட்டு யோசிப்பது அவள் பழக்கம். நம்மில் பாதிப்பேர் அப்படித்தான், அதனால் பெரிதாகக் குறை சொல்லவும் முடியாது.

மன்னாரில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கிளைக் கந்தோரில் அவளுக்கு வேலை. தோட்டவெளியில் வீடு கட்டிக் கொடுக்கும் திட்டம் அவள் பொறுப்பில் இருந்தது. திட்டம் முழுவதையும் ஒரு மென்பொருளில் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம், அதில் அத்திவாரம் முதல் கூரை வரை எந்த வேலை முடிந்தது என்ற விபரம், அதற்குக் கீழே அலுவலர்கள் எழுதும் குறிப்புகள். ஊர்ச் சங்கத் தலைவரும் வேலையைப் பார்க்கட்டும், அவரை விருந்தினராக, கெஸ்டாகச் சேர்த்துவிடுங்கள் என்று கொழும்புத் தலைமைக் கந்தோர் சொன்னது. தலைவர் சிங்கராசா. பிறின்சி சேர்த்துவிட்டாள்.

சேர்த்த பிறகுதான் பெற்றிசியாவின் பக்கம் நினைவுக்கு வந்தது.

பெற்றிசியாவின் புருஷன் எமில் கட்டாரில் வேலை செய்கிறான் என்றுதான் ஊரில் பேச்சு. உண்மையில் அவன் புத்தளத்துப் பக்கம் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான். வீட்டுக்குத் தகுதி பார்க்கப் போன அன்று பெற்றிசியா அதைச் சொல்லி அழுதாள். "இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ தங்கச்சி" என்று கையெடுத்துக் கேட்டாள். பிறின்சி ஒருவருக்கும் சொல்லவில்லை, எழுதினாள். கொழும்பு சம்மதிக்க வேண்டுமே என்று, அழுததைக்கூட விடாமல் குறிப்பில் எழுதினாள். நல்ல எண்ணத்தில்தான். நல்ல எண்ணத்தில் எழுதுபவர்களுக்குக் கை கூசுவதில்லை, பிறின்சிக்கும் கூசவில்லை.

இப்போது அவசர அவசரமாக உதவிப் பக்கத்தைத் தேடினாள். கெஸ்டுக்கு என்னென்ன அனுமதி என்று நீளமாக எழுதியிருந்தார்கள். கெஸ்ட் எதையும் அழிக்க முடியாது. திருத்த முடியாது. வேறு ஆளைச் சேர்க்க முடியாது. ஒவ்வொரு முடியாதுக்கும் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பிறகு, தன்னோடு பகிர்ந்த திட்டத்தில் இருக்கும் குறிப்புகள் எல்லாவற்றையும் கெஸ்ட் வாசிக்கலாம் என்று இருந்தது. பெற்றிசியாவின் பக்கத்தைத் திறந்தாள். சிங்கராசா பார்த்துவிட்டார் என்று மூலையில் காட்டியது.

அதோடு போனாலும் பரவாயில்லை. சிங்கராசாவுக்குச் சொந்தமாக ஒரு மின்னஞ்சல் கிடையாது. ஊரில் முக்கால்வாசிப் பேருக்குப் போல அவருக்கும் ஜுனைட்தான் தன் கொம்யூனிகேஷன் கடையில் ஒன்றைத் திறந்து கொடுத்திருந்தான். எது வந்தாலும் ஆளைக் கூப்பிட்டு, போட்டோக் கொப்பிக்கு நிற்பவர்களுக்கும் கேட்கும்படி வாசித்துக் காட்டுவான். இது பிறின்சிக்கும் தெரியும், முகவரியையே ஜுனைட்டிடம்தான் வாங்கியிருந்தாள்.

கெஸ்டை நீக்கிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தோட்டவெளிக்கு ஓடினாள். சிங்கராசா முற்றத்தில் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஜுனைட் தம்பி வாசிச்சவர்தான் பிள்ளை. பெற்றிசியாவின்ர பேர் வந்து, எமிலின்ர கதை தொடங்கினோடன போதும் எண்டு சொல்லிப்போட்டன்."

"நிண்ட ஆக்களுக்குக் கேட்டிருக்குமோ அண்ணை?"

"கேட்டாலென்ன? ஊரில ஆருக்குத் தெரியாது? பூசை முடிய 'எமில் கட்டாரில இருந்து கோல் எடுத்தவனோ' எண்டு நாங்கள் எல்லாரும் கேக்கிறம். அவ ஓம் எண்டு சொல்லட்டும் எண்டுதானே கேக்கிறது."

பிறின்சிக்கு இந்தப் பக்கம் புத்தி போயிருக்கவே இல்லை. ஒரு ஊரே சேர்ந்து இப்படி ஒரு மரியாதையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. தலையில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. அந்த நிம்மதியோடு பெற்றிசியாவிடமும் போய் மன்னிப்புக் கேட்டாள். குறிப்பு எழுதியது, தலைவரைச் சேர்த்தது, நீக்கியது எல்லாவற்றையும் சொன்னாள்.

பெற்றிசியா குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"சிங்கராசா அண்ணைக்குத் தெரியுமெண்டது எனக்கும் தெரியும். அவர் எங்கட ஆள். அவரை ஏன் அதில இருந்து எடுத்தனீங்கள்? மற்றது ஆர் பாக்கினம்?"

"வேற ஒருத்தரும் இல்லை அக்கா. கந்தோர் ஆக்கள் மட்டும்தான்."

"கொழும்புக் கந்தோரிலயுமோ?"

"ஓம்."

"அங்க எல்லாருமோ?"

கெஸ்டுக்கு என்ன தெரியும் என்றுதான் பிறின்சி தேடினாள். உறுப்பினராக இருக்கும் கந்தோர் ஆட்களுக்கு என்ன தெரியும் என்று தேட அவளுக்குத் தோன்றவே இல்லை. தேடவும் தேவையில்லை. உறுப்பினருக்கு எல்லாம் தெரியும், கணக்காளர் முதல் பணிப்பாளர் வரைக்கும்.

"ஓம் அக்கா, எல்லாரும். இப்பவே அழிச்சுவிடுறன்."

பெற்றிசியா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. கோபித்திருந்தால் பிறின்சிக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"போன மாதம் கொழும்புக் கந்தோரால வந்த மிஸ், வாசலிலயே என்ர ரெண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. ஏனெண்டு இப்பதான் விளங்குது. நான் அவவை உள்ள இருத்தி, நல்ல கோப்பையில தேத்தண்ணி ஊத்திக் குடுத்தனான். இது என்ர அவர் கட்டாரில இருந்து அனுப்பின கோப்பை எண்டு சொன்னனான்."

கத்தியைத் திரும்பக் கையில் எடுத்தாள்.

"நீங்கள்தான் தங்கச்சி அதை அவவுக்கு இங்கிலீசில சொன்னனீங்கள்."

அந்த மிஸ் கோப்பையைத் திருப்பிப் பார்த்து, வடிவாயிருக்கிறது என்று தலையாட்டியதும், தான் அதையும் தமிழில் பெற்றிசியாவுக்குச் சொன்னதும் பிறின்சிக்கு நன்றாக நினைவிருந்தன.