பஸ்ஸில் போட்ட பிரசன்ட்

லிங்கராஜபுரத்தில் பஸ் ஏறினால் ஒக்கலிபுரம் ஸ்டாப் வருவதற்குள் டோரதி தன் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் பள்ளிக்கு வந்துவிட்டதாக ஃபோனில் தட்டி அனுப்பிவிடுவாள். பிள்ளைகளில் பாதி அந்நேரம் வீட்டில் தலை வாரிக்கொண்டிருக்கும். அதற்காக அவள் கவலைப்படுவதை விட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

அட்டென்டன்ஸ் ஆப்பின் லட்சணம் அப்படி. திறந்தாலே எல்லாப் பெயருக்கும் பச்சை டிக் விழுந்திருக்கும். வராத பிள்ளையின் பெயரைத் தேடிப்பிடித்துச் சிவப்பாக்க வேண்டும். அனுப்பிய உடனே பெற்றோருக்கு மெசேஜ் போய்விடும்: உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வந்திருக்கிறார். முதல் மணி அடிப்பதற்குள் அனுப்பாவிட்டால் பிரின்சிபால் டென்சில் எல்லார் முன்னாலும் பெயர் சொல்லி மானத்தை வாங்குவார். டிராஃபிக்கில் மாட்டிய ஒருநாள் டோரதி பஸ்ஸிலேயே எல்லோருக்கும் பிரசன்ட் போட்டாள். வகுப்புக்குப் போய்த் திருத்தவும் செய்தாள். பிறகு பஸ்ஸிலேயே போடுவது பழக்கமானது. அதன்பிறகு திருத்துவதும் நின்றுபோனது.

ஒரு காலத்தில் எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொன்னவள்தான். அதெல்லாம் எப்போது போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. சென்சஸ், எலெக்ஷன் டியூட்டி, ரிசல்ட் மீட்டிங், ராத்திரியெல்லாம் கத்தும் பேரன்ட்ஸ் குரூப். பாடம் நடத்துவதைத் தவிர எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்டார்கள். தினமும் ஸ்டாப் வரும்போது, இறங்காமல் இப்படியே மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் வரை போய்விட்டால் என்ன என்று தோன்றும். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவாள்.

அன்றும் இறங்கினாள். கேட்டில் வாட்ச்மேன் முனிராஜ் வழக்கம்போல் "குட்மார்னிங் டீச்சரம்மா" என்றார். அவள் வழக்கம்போல் பதில் சொல்லவில்லை.

மதியம் உஷா என்றொரு பெண் மகள் மறந்துவிட்டு வந்த டிபன் பாக்ஸோடு ஆபீஸுக்கு வந்தாள். மகள் ரக்ஷிதா, டோரதியின் ஒன்பதாம் வகுப்பு. ஆயா போய் வகுப்பில் பார்த்தாள், பெண் இல்லை. லைப்ரரியில் இல்லை, பாத்ரூமில் இல்லை. உஷா டென்சிலிடம் ஃபோனை நீட்டினாள். "காலைல பிரசன்ட்னு மெசேஜ் வந்துருக்கே சார்! வந்த புள்ள எங்க?"

டோரதியையும் கூப்பிட்டார்கள். காலையில் அந்தப் பெண் பெஞ்சில் இருந்தாளா? மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்தாள். நினைவில் வந்ததெல்லாம் போர்டும் கடிகாரமும்தான்.

டென்சில் அவளைத் தன் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். "மிஸ், டென்ஷன் ஆகாதீங்க. ஆப்ல பிரசன்ட் இருக்கு. காலைல புள்ள உள்ள வந்துருக்கு, அதுவரைக்கும் நாம சேஃப். நடுவுல வெளிய போயிருந்தா அது கேட்ல நிக்கிறவன் தப்பு. புரியுதா?"

"கேட் கேமரா பாத்தா..."

"அது மழைல கெட்டுப்போயி ரிப்பேர்ல கெடக்குது. உங்களுக்கு ரிடையர்மென்ட் பக்கத்துல வந்துடுச்சு. உங்களுக்காகத்தான் சொல்றேன், வாயத் தெறக்காதீங்க."

பக்கத்து பெஞ்சு சங்கமித்ராவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அந்தப் பெண் டோரதியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "வந்தா சார். அப்பறம் எங்க போனான்னு தெரியல" என்றாள்.

டோரதிக்கு மூச்சு வந்தது. வந்திருக்கிறாள், அப்படியானால் தன் தப்பு இல்லை. அந்த நிம்மதியை நினைத்து மறுகணமே அவளுக்குத் தன்மீது அருவருப்பாகவும் இருந்தது.

அதற்குள் சின்ன வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெற்றோர்கள் விஷயம் தெரிந்து கேட்டருகே கூடிவிட்டார்கள். முனிராஜ் அவர்களிடம் உள்ளதைச் சொன்னார். "நான் யாரையும் வெளிய உடலைங்க. சத்தியமா ஒரு புள்ளயும் இந்த கேட்டத் தாண்டிப் போகல."

அந்த உண்மைதான் அவருக்கு வினையாயிற்று. வெளியே போகவில்லை என்றால் உள்ளே இருக்க வேண்டும். உள்ளே என்றால் எங்கே? நாலைந்து பேர் தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். அதைப் பார்த்த உஷா போட்ட சத்தத்தில் கட்டடமே அதிர்ந்தது. வேறு சிலர் முனிராஜின் தகர அறைக்குள் புகுந்தார்கள். ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து தரையில் கவிழ்த்தார்கள். உள்ளே ரிப்பன், ஹேர் கிளிப், ஒற்றைக் கொலுசு, சின்னக் கர்ச்சீஃப்.

"பொம்பளப் புள்ளைங்க சாமானெல்லாம் உனக்கு என்னாத்துக்குடா?"

"புள்ளைங்க கீழ உட்டுட்டுப் போறதுண்ணா. கேட்டா குடுக்கலாம்னு எடுத்து வெப்பேன்..."

யாரோ பளாரென்று அறைந்தார்கள். இன்னொருவன் சட்டைக் காலரைப் பிடித்தான். முனிராஜின் உதட்டில் ரத்தம் வந்தது.

படியில் நின்றிருந்த டோரதிக்கு அந்தப் பெட்டியை அடையாளம் தெரிந்தது. சாக்பீஸ் வந்த பெட்டி. பல வருஷத்துக்கு முன்னால், கொலுசைத் தொலைத்துவிட்டு அழுத ஒரு பிள்ளைக்காக, கீழே கிடப்பதையெல்லாம் எடுத்து வையுங்கள் என்று முனிராஜிடம் அதைக் கொடுத்ததே அவள்தான். அப்போது அவள் வேறு டீச்சர். மனுஷன் இன்னும் அதை விடாமல் செய்துகொண்டிருக்கிறார்.

போலீஸ் வந்தது. பைக்கிலிருந்து இறங்கிய பெண் போலீஸ் கூட்டத்தை விலக்கிவிட்டு முனிராஜைப் பிடித்து ஓரமாக உட்கார வைத்தாள். அது காப்பாற்றவா கொண்டுபோகவா என்று யாருக்கும் விளங்கவில்லை. பிறகு படியேறி வந்தாள். "கிளாஸ் டீச்சர் நீங்களா மேடம்? புள்ள எப்டி இருக்கும், சொல்லுங்க. கண்ட்ரோல் ரூமுக்குக் குடுக்கணும். ஹைட்டு? கண்ணாடி போட்டிருக்குதா?"

டோரதி உதட்டை நனைத்துக்கொண்டாள். "நடுத்தர உயரம். ரெட்டை ஜடை. கண்ணாடி... இல்லை."

"கண்ணாடி இல்லயா?" உஷா திரும்பினாள். "ஜூன் மாசத்துலேர்ந்து கண்ணாடி போடறா! ஜடையும் இல்ல, முடிய வெட்டியாச்சு! தினமும் ஒங்க எதிர்லதானே ஒக்காந்துருக்கா? நீங்க யாரச் சொல்றீங்க?"

டென்சில் இருமினார். கேட்டருகே இரண்டு பேர் முனிராஜை நோக்கி மறுபடி நகர்ந்தார்கள். அவர் ரத்தத்தைத் துடைக்கக்கூட இல்லை, டோரதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சரம்மா அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வாள் என்று நம்பிய பார்வை அது. அதைத் தாங்க அவளால் முடியவில்லை.

"அவரை விடுங்க!" என்றாள். தன் குரல் இவ்வளவு உயரும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. "அந்தப் பெட்டி நான் குடுத்தது. எடுத்து வைக்கச் சொன்னது நான்."

"மிஸ்..." என்றார் டென்சில் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ரக்ஷிதா இன்னிக்கு வந்தாளான்னே எனக்குத் தெரியாது. பஸ்லயே எல்லாருக்கும் பிரசன்ட் போட்டுட்டேன். தினமும் அப்படித்தான் போடறேன். கிளாஸ்ல நிமிந்துகூட பாக்கல. அந்த மெசேஜ் பொய்யிம்மா."

உஷா கையை ஓங்கிவிட்டாள். பெண் போலீஸ்தான் பிடித்தாள். "காலைலேர்ந்தே காணோம்னா நாம தேடறதே தப்பான எடம் மேடம்! இத முன்னாடியே சொல்லக் கூடாதா?" அவள் வாக்கி டாக்கியில் கன்னடத்தில் கத்தத் தொடங்கினாள். கூட்டம் முனிராஜை விட்டுவிட்டு டோரதியைத் திட்ட ஆரம்பித்தது. டென்சில் அவள் காதருகே வந்து, "நாளைலேர்ந்து வர வேணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தூணருகே யாரோ விசும்பும் சத்தம் கேட்டது. சங்கமித்ரா.

"பொய் சொல்லிட்டேன் மிஸ். அவ வரல. நேத்தும் வரல, முந்தாநேத்தும் வரல. சொன்னா அவங்கம்மா அடிப்பாங்கன்னு..."

"எங்க போறா? சொல்லும்மா."

"எங்கயும் போக மாட்டா. பஸ்லயே இருப்பா. லேடீஸுக்கு ஃப்ரீதானே மிஸ். இங்க எறங்காம மெஜஸ்டிக் போவா, அங்கேர்ந்து வேற பஸ்ஸு. ஊருக்கு வெளிய ஹெப்பகோடி வரைக்கும்கூடப் போயிருக்கா. ஸ்கூல் உடற டைமுக்கு திரும்பி வந்துருவா."

ஸ்கூல் விடும் நேரம் நெருங்கியிருந்தது. டோரதி ஓடினாள். உஷா பின்னாலேயே ஓடிவந்தாள். இரண்டு பேரும் எதிர்ப்புற ஸ்டாப்பில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். முதல் பஸ் வந்தது, இல்லை. அடுத்ததிலும் இல்லை. உஷா வாய்க்குள் எந்தெந்தச் சாமியையோ கூப்பிட்டாள். டோரதி ஆண்டவரே, ஆண்டவரே என்பதற்கு மேல் எதுவும் வராமல் நின்றாள். இவ்வளவு பெரிய ஊரில் எத்தனை பஸ், எத்தனை ஸ்டாப், எத்தனை ஆட்கள்.

மூன்றாவது பஸ்ஸின் ஜன்னலில் கண்ணாடி போட்ட ஒரு முகம் தெரிந்தது. கத்தரித்த முடி, மடியில் ஸ்கூல் பை. டோரதிக்கு அடையாளம் தெரியவில்லை. "ஏய் ரக்ஷி!" என்று உஷா அலறிய பிறகுதான் தெரிந்தது.

உஷா முதலில் ஏறி மகளின் முதுகில் நாலு போட்டாள். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு பஸ்ஸே வேடிக்கை பார்க்க அழுதாள். கண்டக்டர் இறங்கச் சொல்லிக் கத்தினார், யாரும் இறங்கவில்லை. பஸ் கிளம்பியது. டோரதி கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்று, அந்தப் பெண்ணின் முகத்தை முதல்முறையாக முழுசாகப் பார்த்தாள். தூக்கமில்லாத கண்.

"ஏம்மா?" என்றாள். அதட்டலாகக் கேட்கத்தான் நினைத்தாள், கெஞ்சலாக வந்தது.

"கிளாஸ்ல ஒக்காந்தாலும் யாரும் பாக்கறதில்ல மிஸ். பஸ்ல ஜன்னலாச்சும் இருக்கு."

"காலைல எந்த பஸ்ல ஏறின?"

ரக்ஷிதா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"ஒங்க பஸ்ஸுதான் மிஸ். தினமும் ஒங்க பின் சீட்டு. நீங்க ஃபோன்ல தட்டனதும் அம்மாவுக்கு மெசேஜ் போயிரும்னு தெரியும். அப்பறம் நீங்க எறங்குவீங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஒரு தடவ திரும்பிப் பாத்துருந்தா நானும் எறங்கிருப்பேன்."