கடைசி அறுபது பக்கம்

மருந்துக்கடை அக்காவுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தால் போதும், மாத்திரையோடு ஒரு புத்தகத்தையும் கையில் திணித்துவிடுவாள். உறை மேல் "இரண்டு வேளை, சாப்பாட்டுக்குப் பின்" என்று எழுதியும் கொடுப்பாள். சனிக்கிழமை சாயங்காலம் கடையின் பின்னறையில் டானிக் பெட்டிகள் மேல் உட்கார்ந்து ஆறு பேர் படித்ததைப் பேசுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான்: முழுசாகப் படிக்காத புத்தகத்தை யாருக்கும் சிபாரிசு செய்யக் கூடாது. சட்டம் போட்டதும் அக்காதான். மீறியவர்களை வாரு வாரென்று வாருவதும் அக்காதான்.

கூட்டத்தில் ஒருவரான லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி இறந்து ஏழு மாதம் ஆகிறது. மனிதர் வருவார், பெட்டி மேல் உட்கார்வார், வாயைத் திறக்க மாட்டார். அவரைச் சிரிக்க வைத்தே தீருவது என்று அக்கா ஒரு நாவலைக் கொடுத்தாள். புருஷனும் பொண்டாட்டியும் பக்கத்துக்குப் பக்கம் சண்டை போடும் கதை. "விழுந்து விழுந்து சிரிப்பீங்க தம்பி, நான் கேரண்டி" என்றாள். அதன் பிறகு மூன்று சனிக்கிழமையாக ஆளையே காணோம்.

"அவருக்கு என்ன புத்தகம்க்கா குடுத்தீங்க?" என்று கூட்டத்துக்கு வந்திருந்த கணக்கு டீச்சர் கேட்டாள். அக்கா பெயரைச் சொன்னதும் டீச்சர் டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஐயோ, அதையா? கடைசியில அந்தப் பொண்டாட்டி செத்துப்போயிடுவாளே!"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விஷயம் இதுதான்: கடைசி அறுபது பக்கத்தை அவள் படிக்கவே இல்லை. மகளின் பிரசவம் குறுக்கே வந்தது, புத்தகம் அலமாரிக்குப் போனது. இவ்வளவு சிரிக்க வைக்கிற கதை வேறெப்படி முடியும் என்று அவளே ஒரு முடிவைக் கட்டிக்கொண்டாள். அதை இப்போது சொல்ல நா எழவில்லை. "தெரிஞ்சுதான் குடுத்தேன்" என்று சமாளித்தாள். சொன்ன பிறகு அவளுக்கே தன்னைப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை கடையைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு, மெக்கானிக் வேலை செய்யும் ஒன்பது மாடிக் கட்டடத்துக்குப் போனாள். லிஃப்ட் நின்றிருந்தது. நிற்காதா பின்னே, அதைப் பிரித்துப் போட்டவர்தானே உச்சியில் மோட்டார் அறையில் இருக்கிறார்! ஊருக்கெல்லாம் முட்டிவலித் தைலம் விற்பவள் தன் முட்டியைத் திட்டிக்கொண்டே ஏறினாள். அந்தப் பொண்டாட்டி சாகும் பக்கத்துக்கு அவர் இன்னும் வந்திருக்கக் கூடாது என்று மாடிக்கு மாடி வேண்டிக்கொண்டாள்.

"தம்பி, அந்தப் புத்தகத்தைக் குடுங்க. வேற ஒருத்தர் அவசரமாக் கேக்குறாங்க."

"ஒன்பது மாடி ஏறி வர்ற அளவுக்கு அவசரமா?" மெக்கானிக் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார்.

"எத்தனாவது பக்கத்துல இருக்கீங்க?"

"நாப்பத்தாறு."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப பிடிக்கலைல்ல, குடுத்துடுங்க" என்று கையை நீட்டினாள்.

அவர் கொடுக்கவில்லை. "அவ சாகுறது எனக்குத் தெரியும்க்கா. வீட்டுக்காரி போனதுக்கப்புறம் எந்தப் புத்தகத்தையும் முடிவைப் படிச்சுட்டுத்தான் தொடங்குறேன். யார் இருப்பாங்க, யார் போவாங்கன்னு முதல்லயே தெரிஞ்சுக்கணும்."

அக்கா கருவிப் பெட்டி மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எனக்குத் தெரியாது தம்பி. நான் முடிவைப் படிக்கவே இல்ல. தெரிஞ்சிருந்தா உங்க கிட்டயே கொண்டு வந்திருக்க மாட்டேன்." கண் கலங்கியது.

மெக்கானிக் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், மோட்டார் அறையே அதிர்ந்தது. "நீங்களா? சட்டம் போட்ட நீங்களா?"

அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் ஏழு மாதமாக அவள் கேட்கக் காத்திருந்த சிரிப்பு அது. போதும் என்று சொல்ல மனசு வரவில்லை.

"அப்ப ஏன் கூட்டத்துக்கு வரல?"

"வந்தா முடிச்சாச்சான்னு கேப்பீங்களே." அவர் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். "செருப்பை எங்க விட்டாலும் சண்டை போடுறாக்கா. எங்க வீட்டுலயும் அப்படித்தான். ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம், அதுக்கு மேல போறதில்ல. இன்னும் இருநூறு பக்கத்துக்கு அவ உயிரோட இருக்கா. நான் எதுக்கு வேகமாப் படிக்கணும்?"