கொட்டகையை அளந்தவள்

கெர்பெனின் வீட்டில் பிறந்தநாள் என்றால் நாற்காலிகளை வட்டமாகத்தான் போடுவார்கள். ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில் எந்தப் பண்ணை வீட்டிலும் வேறு வழக்கம் கிடையாது. உள்ளே வருகிறவர் வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்க வேண்டும். பிறந்தநாள்காரருக்கு மட்டும் வாழ்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் மரியாதை இல்லை. மனைவியிடம், "உன் வீட்டுக்காரருக்காக வாழ்த்து." மகளிடம், "உங்கப்பாவுக்காக வாழ்த்து." ஒன்றுவிட்ட மச்சானுக்கும் ஒன்று உண்டு. வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாதவனுக்கும் கையை நீட்டிவிட்டுத்தான் அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அன்றைக்குக் கெர்பெனின் பிறந்தநாள். அவருடைய மகள் ரின்ஸ்கெயை வீபெ சித்தப்பா தாண்டிப் போனார்.

அவள் எழுந்து கையை நீட்டிவிட்டாள். அவர் அந்தக் கையைப் பார்க்காமலே பக்கத்தில் இருந்த அத்தையின் கையைப் பிடித்து, "அண்ணனுக்காக வாழ்த்துக்கா" என்றார். பிச்சை கேட்கிறவளைப் போல் நின்றவள் கையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லோரும் பார்த்தார்கள். அம்மா பௌக்யெ கேக்கை வெட்டுவதில் திடீரென்று ரொம்ப அக்கறை காட்டினாள். அப்பா கெர்பென் காபியை ஊதிக்கொண்டிருந்தார். அந்தக் காபி எப்போதோ ஆறிவிட்டது.

ரின்ஸ்கெ செய்த பாவம் இதுதான். க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் இளநிலை முடித்திருந்தாள். மேலே படிக்க இரண்டு வழி இருந்தது. ஒன்று, சித்தப்பா விற்பனை அதிகாரியாக இருக்கும் கம்பெனி செலவு செய்து படிக்கவைக்கும் கால்நடை அறிவியல். மாட்டுத் தீவனமும் கொட்டகைத் தரையும் விற்கிற கம்பெனி அது. படித்து முடித்ததும் அங்கேயே வேலை, கூடவே கார். இன்னொன்று காற்று வேதியியல். மாட்டுச் சாணியும் மூத்திரமும் கலந்து எழும் அம்மோனியாவை அளக்கிற படிப்பு. அந்த அம்மோனியா காட்டையும் சதுப்பையும் கெடுக்கிறது என்று சொல்லித்தான் அரசாங்கம் பண்ணைகளைக் குறைக்கவும் மூடவும் கிளம்பியிருந்தது. அதை எதிர்த்து வாசல் கம்பத்தில் அப்பா நாட்டுக் கொடியைத் தலைகீழாகப் பறக்கவிட்டு மூன்றாவது கோடை இது. ரின்ஸ்கெ காற்று வேதியியலில் சேரப்போவதாக முந்தின நாள் சித்தப்பாவிடம் சொல்லியிருந்தாள்.

"மீதித் தரைய எப்ப போடலாம்ணே?" என்று ஆரம்பித்தார் வீபெ. "திங்கக்கெழம ஆளனுப்பட்டுமா?"

கெர்பெனின் கொட்டகையில் பாதிக்குப் புதுத் தரை போட்டாயிற்று. மூத்திரம் உடனே வடிந்துவிடும், அம்மோனியா பாதியாகக் குறையும் என்று சொல்லி வீபெதான் விற்றார். மறுபாதி பழைய தரை. அதையும் போட்டுவிட்டால் பண்ணையை யாரும் தொட முடியாது என்று அண்ணனுக்கு நம்பிக்கை கொடுத்திருந்தார்.

"திங்கக்கெழம வரட்டும்" என்றார் கெர்பென்.

ரின்ஸ்கெ கோப்பையை மேசையில் வைத்தாள். திங்கட்கிழமைக்குள் அந்தத் தரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஆனால் அப்பாவின் பிறந்தநாளில் இத்தனை பேர் நடுவில் வேண்டாம் என்று நினைத்தாள். சித்தப்பா விட்டால்தானே?

"எங்கண்ணன் மகளுக்கும் நல்ல காலந்தான்" என்று வட்டத்தைப் பார்த்துச் சொன்னார் வீபெ. "அந்தப் படிப்புக்கு வேலை கொட்டிக் கெடக்காம். ஏன் கெடக்காது? ஒவ்வொரு பண்ணையையும் இழுத்து மூட ஆள் வேணும்ல. எரியிற வீட்ல புடுங்குனது லாபம்."

யாரோ சிரித்தார்கள். அத்தை சிரிப்பை அடக்கக் கேக்கை வாயில் திணித்துக்கொண்டாள்.

"வேலை கெடைக்குமாடி?" அம்மா தாழ்ந்த குரலில் கேட்டாள். அவளுக்கு அது ஒன்றுதான் கவலை.

"கெடைக்கும்மா. இன்னும் நாப்பது வருஷத்துக்கு அளக்க வேண்டியது இருக்கு."

"கேட்டீங்களா?" வீபெ தொடையில் தட்டினார். "நாப்பது வருஷம்! அதுக்குள்ள இந்த ஊர்ல மாடே இருக்காது. அப்புறம் எத அளப்ப? வாத்து விடுற குசுவையா?"

இப்போது வட்டமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அதுதான் ரின்ஸ்கெயைச் சுட்டது. சித்தப்பா பேசுவது தொழில். அப்பா ஏன் சிரிக்க வேண்டும்?

"மாட்டுப் பால் குடிச்சு வளந்த பொண்ணு, உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணக் கெளம்பிருச்சு" என்றார் வீபெ, சிரிப்பு அடங்கியதும். "நான் காரோட வேலை தரேன்னேன். கை நீட்டுன எடத்துல துப்பிட்டா."

"கைய நீட்டுனது நான் சித்தப்பா. கொஞ்ச நேரம் முன்னாடி. நீங்கதான் தாண்டிப் போனீங்க."

வெளியே கொடிக் கயிறு கம்பத்தில் தட்டும் சத்தம் கேட்டது.

"அளக்கறதுல என்ன தப்பு?" என்றார் கெர்பென். மகளுக்காகப் பேசவில்லை, தம்பி மாட்டிக்கொண்டதைப் பார்த்துப் பேச்சை மாற்றினார். "நாம ரோட்ல போர்டு எழுதி வெச்சிருக்கறதே அதானே. கணக்குப் போடாதே, அளந்து பாருன்னு. எவனோ ஆபீஸ்ல ஒக்காந்து எம்மாட்டுக் கணக்க எழுதுறான். வரட்டும், எங்கொட்டகைல வந்து அளக்கட்டும். எதுக்குப் பயப்படணும் நான்? புதுத் தரை போட்டவன்."

"அப்படிச் சொல்லுங்கண்ணே!" என்றார் வீபெ. "மொதல்ல நம்ம கொட்டகைய அளக்கட்டும்!"

பாவம், வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

"அளந்தாச்சு" என்றாள் ரின்ஸ்கெ.

"என்னது?" என்றார் கெர்பென்.

"போன குளிர்காலம் முழுக்க. காலேஜ் ஆராய்ச்சிக்குன்னு உத்தரத்துல பெட்டி மாட்டினேனே, நீங்கதானேப்பா ஏணி புடிச்சீங்க. புதுத் தரைப் பக்கம் ஒண்ணு, பழைய தரைப் பக்கம் ஒண்ணு. பண்ணை பேரை எங்கயும் நான் போடல."

கெர்பென் கோப்பையைக் கீழே வைத்தார். "சரி. எவ்வளவு கொறஞ்சிருக்கு?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பாதி என்று சொன்னால் போதும், அப்பா இந்த வட்டத்தின் நடுவில் அவளைத் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்.

"கொறையல. ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். சில வாரம் புதுப் பக்கந்தான் ஜாஸ்தி."

"பள்ளிக்கூடத்துப் பொம்மைப் பெட்டி!" வீபெயின் கழுத்து சிவந்துவிட்டது. "எங்க கம்பெனி ஆளுங்க அளந்தது பொய்யி, இந்தப் பொடுசு அளந்தது நெசமா?"

"உங்காளுங்க எங்கப்பா கொட்டகைல அளந்தாங்களா? இல்ல, உங்க கம்பெனியோட காலிக் கொட்டகைலயா?"

வீபெ அண்ணனைப் பார்த்தார். கெர்பென் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அதுவும் நல்ல பார்வையாக இல்லை.

"குளிர்காலத்துலயே தெரியுமா உனக்கு?"

"தெரியும்பா."

"கோடையும் வந்தாச்சு. தெனம் இந்த மேசைலதான் தின்ன. ஒரு வார்த்த சொல்லல."

"பயமா இருந்துச்சு. ரோட்ல எழுதி வெச்சுட்டு அவ்வளவு பெருமையா இருந்தீங்க."

"பயம்!" அவர் எழுந்தார். "வளத்த கடா மார்ல பாஞ்ச கதைதான். எவ்வீட்டுல, எம் பொறந்தநாளுக்கு, எத்தன பேரு முன்னால!" கதவைக் காட்டினார். "போ. அந்தப் படிப்பையே கட்டிக்கிட்டு அழு. ஆனா எங்கொட்டகைக்குள்ள இனிமே கால் வெக்காத."

பௌக்யெ, "கெர்பென்" என்று ஒரு முறை சொன்னாள்.

ரின்ஸ்கெ எழுந்தாள். உள்ளே எல்லாம் வெந்துகொண்டிருந்தது. திட்டு வாங்கியதற்கு அல்ல; இவ்வளவு நாள் வாயை மூடியிருந்தது தப்பு என்று அவர் சொன்னது சரியாக இருந்ததற்கு.

"போறேம்பா. ஒண்ணே ஒண்ணு. திங்கக்கெழம அந்த ஆள வரச்சொல்லாதீங்க."

அப்போதுதான் கதவு திறந்தது. அடுத்த பண்ணை டௌவெ, தாமதமாக வந்தவர், கையில் மூலிகைச் சாராயப் புட்டி. நடந்தது ஒன்றும் தெரியாத மனுஷன் வழக்கப்படி சுற்ற ஆரம்பித்தார். "கெர்பென், வாழ்த்து! பௌக்யெ, வீட்டுக்காரருக்காக வாழ்த்து!" கோட்டும் கையுமாக நின்ற ரின்ஸ்கெயையும் விடவில்லை. "உங்கப்பாவுக்காக வாழ்த்தும்மா!" அவள் கையைக் கொடுத்தாள்.

டௌவெ, அத்தைக்கும் கை கொடுத்து முடித்துவிட்டு, வீபெயிடம் வந்தார். வீபெ அவசரமாகக் கையை நீட்டினார்.

"டௌவெ" என்றார் கெர்பென், ஜன்னல் பக்கம் திரும்பி நின்றபடி. "அவன விட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போ."